குரங்கு காய்ச்சல்: காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் ஏன் உடனே சொல்லணும்?

காட்டு வழியில் ஒரு குரங்கு செத்துக் கிடக்கிறது. பார்த்தால் கிட்டப் போகாதீங்க, உடனே தகவல் சொல்லுங்க என்கிறது கர்நாடகாவின் சுகாதாரத் துறை. காரணம், அங்கே ‘மங்கன காயிலெ’ என்று மக்கள் சொல்லும் குரங்கு காய்ச்சல்.

1957-இல் சிவமொக்கா பகுதியின் கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்தபோதுதான் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் மருத்துவத்தில் இதற்குப் பெயர் கியாசனூர் காட்டு நோய். குரங்கம்மைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெயரில் குரங்கு இருந்தாலும், நோயைப் பரப்புவது உண்ணி. குரங்கு பாவம், நம்மைப் போலவே அதுவும் கடிபட்டுத்தான் சாகிறது. செத்ததும் அதன் உடம்பில் இருந்த உண்ணிகள் கீழே இறங்கி, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். அதனால்தான் அந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குப் பூச்சிமருந்து தூவுகிறார்கள்.

மனிதரைக் கடிப்பது பெரும்பாலும் முழுசா வளராத குட்டி உண்ணி. கண்ணில் படுவதே கஷ்டம். டிசம்பர் வாக்கில் தொடங்கி மே வரை இதன் சீசன். விறகு பொறுக்கவும், சருகு அள்ளவும் மக்கள் காட்டுக்குள் போவதும் இதே வறண்ட மாதங்களில்தான்.

கடிபட்ட 3 முதல் 8 நாட்களில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி வரும். சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும். ஓரிரு வாரம் கழித்து மறுபடியும் காய்ச்சல் வந்து, நடுக்கம், பார்வைக் கோளாறு வரை போகலாம். பாதிக்கப்படும் 100 பேரில் 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். ஆனா, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

கவலை எங்கே என்றால், 2012-க்குப் பிறகு நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் என மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இந்த வைரஸ் தலைகாட்டியிருக்கிறது. கையில் இருந்த பழைய தடுப்பூசியோ போதிய பாதுகாப்பு தரவில்லை என்று 2022-இல் நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசிக்கான வேலையில் ஐ.சி.எம்.ஆர். இறங்கியிருக்கிறது. வைரஸைக் கொல்லத் தனி மருந்தும் கிடையாது.

அதுவரை, காட்டுக்குப் போகும் முன் கை கால்களில் சுகாதாரத் துறை தரும் ‘டெபா’ எண்ணெயைத் தடவுங்க. முழுக்கை சட்டை போடுங்க. திரும்பியதும் வெந்நீரில் குளித்து, துணியையும் வெந்நீரில் அலசுங்க. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, காட்டுக்குப் போன விஷயத்தை. டெங்குவின் அறிகுறிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும் என்பதால், நீங்க சொல்லாவிட்டால் இந்தப் பரிசோதனை அவருக்குத் தோன்றாமலே போகலாம்.