கூடு விட்டுக் கூடு பாய்ந்த எஞ்சின்கள்

கியூபா என்றதும் பலருக்கு நினைவில் எழுவன ஹவானா வீதிகளில் ஓடும் பழைய அமெரிக்க வண்டிகளே. 1950களின் செவ்ரோலே, ஃபோர்டு கார்களும் பிக்கப்களும் வண்ணப்பூச்சு மின்ன நிற்கும் படங்களைக் கண்டோர், காலம் அங்கே உறைந்துவிட்டது என்று எழுதுவதுண்டு. நானும் ஒருமுறை வகுப்பில் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். அது பிழை. உறைந்தது கூடு மட்டுமே. பானெட்டைத் திறந்தால் காலம் ஓடிய தடம் தெரியும்.

1959 சனவரியில் புரட்சி வென்றது. 1960 அக்டோபரில் ஐசனோவர் அரசு கியூபாவுக்கான ஏற்றுமதியில் பெரும்பகுதியைத் தடுத்தது. 1962 பிப்ரவரியில் கென்னடி அதனை முழு வணிகத் தடையாக்கினார். டெட்ராய்ட் வண்டிகளும் உதிரிபாகங்களும் வருவது நின்றது. பின்னர் வந்த சோவியத் வண்டிகளை அரசே பங்கிட்டது. தனிமனிதர் தடையின்றி வாங்கவும் விற்கவும் கூடியவை புரட்சிக்கு முன்பே தீவில் இருந்த வண்டிகள் மட்டுமே. 2011இல்தான் இவ்விதி தளர்ந்தது.

ஆகவே வண்டியின் மதிப்பு அதன் கூட்டிலும் உரிமைப் பத்திரத்திலும் இருந்தது. எஞ்சின் தேய்ந்தாலும் வண்டியைக் கைவிட இயலாது; வேறோர் எஞ்சினைத் தேடியாக வேண்டும். ஓட்டம் நின்றுபோன வோல்காக்களின் எஞ்சின்கள் செவ்ரோலேக்களுக்குள் புகுந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து எரிபொருள் அருகியபோது, பெட்ரோலைக் குடிக்கும் பெரிய எஞ்சின்களை வைத்துப் பிழைப்பது அரிதாயிற்று. கிடைத்த பழைய டீசல் எஞ்சின்கள் அவ்விடத்தைப் பிடித்தன.

இது கழற்றி மாட்டுகிற எளிய வேலையன்று. 1954ஆம் ஆண்டுச் செவ்ரோலே பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 235 கன அங்குலம், ஏறத்தாழ 3.9 லிட்டர். அதை இறக்கிவிட்டு நான்கு சிலிண்டர் டீசலை வைப்பதற்குச் சட்டகத்தில் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். பழைய கியர்பாக்ஸ் பொருந்தாது. அதை மாற்றினாலோ சுழல்தண்டும் பொருந்தாது. ஏனெனில் அத்தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டுப் பின் அச்சோடு பிணைந்திருக்கிறது. எனவே பின் அச்சையும் மாற்ற நேரும். 6 வோல்ட் மின்சாரம் டீசலைக் கிளப்பப் போதாது. 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். இத்தனைக்கும் பிறகு மழை பெய்யும்போது வைப்பர் அசையாது! பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தால் இயங்கிய வைப்பர் அது. டீசலில் அவ்வெற்றிடம் இல்லை. ஓர் உறுப்பை மாற்றப் புகுந்தவர், மறைந்திருந்த உறவுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கண்டறிகிறார்.

பழம்பொருள் சேகரிப்போர் இத்தகைய வண்டியை மூலம் கெட்டது என்பர். வரலாறு பயில்பவனுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. டெட்ராய்டின் கூடு, ரஷ்யாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த எஞ்சின், உள்ளூர்ப் பட்டறையில் அடித்த இணைப்புத் தகடு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அத்தீவின் அரை நூற்றாண்டு. மாற்றப்படாத வண்டி 1954ஐ மட்டுமே சொல்லும். மாற்றப்பட்டதோ அதற்குப் பின் நடந்ததையும் சொல்லும்.

இதைப் போற்றிப் பாடவும் நான் முனையவில்லை. அத்திறமை விரும்பிக் கற்ற கலையன்று. வேறு வழியின்றிக் கைவந்தது. ஆயினும் இனி அந்தப் படங்களைப் பார்க்கும்போது, வண்ணப்பூச்சைக் கடந்து, பானெட்டுக்குள் கை நுழைத்தவரையும் நினைத்துக்கொள்வோம்.