மணலும் தீக்குச்சியும்: தொட்டுக் கற்ற வகுப்பறையின் வரலாறு



நாம் இன்று நினைவுகூரும் தோழர் நூல் எதுவும் எழுதியவரல்லர். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியே ஓய்வு பெற்றவர். அவருடைய மேசை அறையில் கடைசிவரை இருந்தவை இரண்டு: ஒரு பை நிறையப் புளியங்கொட்டை, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய தீக்குச்சிகள். இலக்கிய அமைப்பு ஒன்று தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு ஏன் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறது என்று சிலர் கேட்டார்கள். நம்மில் பலருக்கும் எழுத்து அவரைப் போன்ற ஒருவரின் முன்னால்தான் தொடங்கியது. அதுவே எங்கள் பதில்.

பிள்ளைகள் பொருள்களைத் தொட்டும் எண்ணியும் அடுக்கியும் கற்பதை இன்று செயல்வழிக் கற்றல் என்கிறோம். இதன் வரலாற்றை எழுதுவோர் ஜெர்மனியின் ஃபிரோபெலில் தொடங்கி இத்தாலியின் மாண்டிசோரிக்கு வருவார்கள். நாங்கள் வேறொரு கேள்வியில் தொடங்க விரும்புகிறோம். தொடுவதே குற்றமாக இருந்த ஊர்களில், தொட்டுக் கற்பது யாருக்கு வாய்த்தது?

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணல் எழுத்தைக் கண்டு தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வகுத்தார். 1797இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. திண்ணையின் மணல் கடல் தாண்டிப் போனது. பக்கத்துச் சேரிக்கு வரவில்லை.

சேரிப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்த இடங்களில் ஒன்று சென்னையின் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளிகள். 1894இல் அடையாறு அருகே ஊரூரில் முதல் பள்ளி தொடங்கியது. பண்டிதர் அயோத்திதாசரோடு 1898இல் இலங்கைக்குச் சென்ற கிருஷ்ணசாமி இப்பள்ளிகளைச் சேர்ந்த ஆசிரியர்தான். இவற்றை நடத்திய அமெரிக்கப் பெண்மணி கோர்ட்ரைட், கிண்டர்கார்டன் முறையைப் பறையர் பிள்ளைகளின் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அந்த அனுபவத்தை 1906இல் ஒரு நூலாகவும் வெளியிட்டார். மாண்டிசோரி அம்மையார் அடையாறுக்கு வந்தது 1939இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே அதே அடையாற்றைச் சுற்றியிருந்த சேரிப் பிள்ளைகள் விளையாட்டாகக் கற்றது அச்சில் பதிவாகிவிட்டது. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய நம் தலைவர் எம்.சி. ராஜா, ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து சிறு பிள்ளைகளின் வகுப்புக்கென்று ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்ற நூலை 1930இல் கொண்டுவந்தார். சட்டமன்றத்தில் நம் உரிமைக்காகப் பேசியவர், ஐந்து வயதுப் பிள்ளை பாடி ஆடிக் கற்பதைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

அதே 1930இல் நம் வறண்ட சீமையின் நிலை என்ன? அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்டோருக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். மறு ஆண்டு அவை பதினொன்றாயின. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண் பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்று நீண்ட அந்தப் பட்டியலில், பிள்ளைகள் எழுத்துக் கற்கக் கூடாது, மிராசுதார்களின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்பவையும் இருந்தன. 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நம் பிள்ளைகளின் கைக்கு ஏட்டைத் தராமல் மாட்டுக் கயிற்றைத் தரச் சொன்ன ஆணை அது.

இங்கேதான் ‘கைகளால் கற்பது’ என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருக்கிறது. காந்தியார் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, நூற்பு போன்ற கைத்தொழிலின் வழியே பாடம் கற்பிக்கச் சொன்னது. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமத் தொடக்கப்பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வழி செய்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். பிணம் எரிப்பவரின் பிள்ளையும் பண்ணையாளின் பிள்ளையும் மதியத்துக்குமேல் எதைக் கற்றிருப்பார்கள்? 1954இல் காமராசர் முதல்வரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அந்த எண்ணம் பள்ளிக்குள்ளிருந்து முழுதாகப் போய்விடவில்லை. எங்களில் ஒருவர் படித்த கிராமப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு கைத்தொழில் பாட வேளைகள் உண்டு. ஊர்த்தெருப் பிள்ளைகள் வண்ணத் தாளில் பூச் செய்தார்கள். காலனிப் பிள்ளைகள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். அதுவும் கைவேலைதான் என்று ஆசிரியர் சொன்னாராம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தத் தோழருக்குத் தாளில் பூ மடிக்கத் தெரியாது.

பள்ளிக்கு வெளியிலும் நம் பிள்ளைகளின் கைகள் சும்மா இருந்ததில்லை. மழை பெய்தால் மானாவாரி வெள்ளாமை. மிளகாய்ப் பழம் பறிப்பது, பருத்தி எடுப்பது. மழை பொய்த்தால் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெற்றோருக்குத் துணை. மேற்கே சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில். அங்கே சட்டத்தில் குச்சி அடுக்குவதற்குப் பிள்ளைகளின் மெல்லிய விரல்களே வேண்டியிருந்தன. 1988இல் ஒன்றிய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று.

ஒரு பிள்ளை சட்டத்தில் குச்சி அடுக்குகிறது. இன்னொரு பிள்ளை வகுப்பறையில் பத்துக் குச்சிகளைக் கட்டி ‘ஒரு பத்து’ என்கிறது. இரண்டும் கைவேலைதான், இரண்டும் அதே குச்சிதான். சட்டம் நிறைந்ததும் முதல் பிள்ளையின் குச்சி ஆலைக்குப் போய்விடும், அதற்குச் சட்டக் கணக்கில் கூலி கிடைக்கும். இரண்டாவது பிள்ளை கட்டை அவிழ்த்த பிறகும் பத்து என்ற கணக்கு அதனிடம் இருக்கும். எது கல்வி, எது உழைப்புச் சுரண்டல் என்பதை அளக்க எங்களுக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

இந்தப் பின்னணியோடுதான் செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டில் வந்த கதையைப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியினர் சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறை அதன் மூலம். தமிழ்நாட்டில் அதன் தொடக்க முயற்சிகள் வேலூர்ப் பகுதியில், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்காக நடந்தன. அங்கே ஆட்சியராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரானபின், 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்காம் வகுப்புவரை பரவியது. எளிய பிள்ளைகளுக்காக முயன்று பார்த்ததே பிறகு எல்லோருக்குமான முறையாயிற்று. ஆல்காட் பள்ளிகளை நினைவில் வைத்திருப்போருக்கு இதில் வியப்பில்லை.

அந்த வகுப்பறையில் பெஞ்சு இல்லை, பாய். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். சுவரின் அடியில், பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. ஆளுக்கொரு பகுதி. தட்டுகளில் பறவை, விலங்குச் சின்னம் போட்ட அட்டைகள். ஏணிப்படியைப் பார்த்துத் தன் அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். முன்னால் ஒரு பிள்ளை தொட்ட அட்டையைத்தான் அடுத்த பிள்ளையும் தொட வேண்டும். நம் தோழர் இதை முதல் பயிற்சியிலேயே கவனித்திருக்கிறார். “பாடத்துல எழுதாத பாடம் இதுதான்யா” என்று எங்களிடம் சொல்வார்.

வறண்ட நிலத்துக்கு அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போனால் பிள்ளையும் கூடப் போகும். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் புத்தகம் பத்துப் பாடம் தாண்டியிருக்கும். அதற்குமேல் அந்தப் பிள்ளை வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஏணிப்படியிலோ விட்ட படியிலிருந்தே ஏறலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டை எளிதில் வரவில்லை. ஈராசிரியர் பள்ளிகளில் பதிவேடு எழுதவே பொழுது போதவில்லை. புத்தகம் இல்லாமல் என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் இகழ மாட்டோம். தலைமுறைகளாகப் புத்தகம் மறுக்கப்பட்டவர்கள் கேட்டது அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏறிப் போனார்கள். பல ஊர்களில் வட்டத்தில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. எல்லோரும் சேர்ந்து உட்காரவே போட்ட பாயில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்தார்கள்.

2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியது. பாட்டும் பொம்மையும் துணைக்கருவிகளும் மீண்டும் வந்திருக்கின்றன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். நல்ல பெயர்கள்தான். ஆனால் எந்தத் தெருப் பிள்ளை எத்தனை மாதமாக அரும்பிலேயே இருக்கிறது என்று நாம் போய்ப் பார்க்க வேண்டும். கூட்டுவதற்கு விளக்குமாற்றை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் அமைப்பின் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதத்தில் ஒரு நாள் தம் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குச் சென்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து வரட்டும். இந்த நினைவு நாளில் நாங்கள் முன்வைக்கும் வேண்டுகோள் அவ்வளவுதான்.

தோழரின் தீக்குச்சிக் கட்டுகளை அவர் வீட்டார் எங்களிடம் தந்திருக்கிறார்கள். அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போவதில்லை. அவர் பணியாற்றிய வகுப்பறைக்கே திருப்பித் தர இருக்கிறோம். பிள்ளைகள் அவிழ்த்து எண்ணட்டும்.