நின்றுபோன சோதனையும் ஒற்றைத் தவணையும்

திருப்பதியிலோ சித்தூரிலோ தன் மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட விரும்பும் ஒரு தாய், எத்தனை தவணை போட வேண்டும் என்று கேட்டால் அவருக்கு மூன்று விடைகள் கிடைக்கக்கூடும். புணேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் தடுப்பூசிக்கு 2022இல் வழங்கப்பட்ட உரிமம், 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்றும் 15 முதல் 26 வயது வரை மூன்று தவணை என்றும் வரையறுக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கையோ, 9 முதல் 20 வயது வரையிலான பெண்களுக்கு ஒரு தவணையையும் ஏற்கலாம் என்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் இவ்வெண்கள் ஒரே வரலாற்றின் வெவ்வேறு அடுக்குகள். அவ்வரலாறு திசைமாறிய இடம், சித்தூர் மாவட்டமும் கம்மம் மாவட்டமும் ஒரே அரசின் கீழ் இருந்த ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம்.

முதலில் வந்த எண் மூன்று. 1991இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிரேசரும் ஜியான் சோவும் வைரஸின் புறஉறைப் புரதத்தைக் கொண்டு, மரபணுப் பொருள் இல்லாத, வைரஸை ஒத்த துகள்களை உருவாக்கினர். இதே காலத்தில் வேறு ஆய்வகங்களிலும் நடந்த பணிகளோடு சேர்ந்து அது கார்டசில் தடுப்பூசிக்கு வழியமைத்தது. 2006இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தபோது தொடக்கத்திலும், இரண்டாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் மூன்று தவணைகள் விதிக்கப்பட்டன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணை முறையை ஒட்டியது அந்த அட்டவணை. பெரும் சோதனைகள் அனைத்தும் மூன்று தவணையில் நடந்ததால் உரிமமும் மூன்று என்றது. அதற்குக் குறைந்தால் பயனில்லை என்று அன்று எவரும் நிறுவியிருக்கவில்லை.

கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஆண்டுதோறும் 70,000க்கும் மேற்பட்ட பெண்களை இழக்கும் இந்தியாவுக்கு இது வெறும் கணக்கன்று. ஒவ்வொரு கூடுதல் தவணையும் கூடுதல் செலவு. பள்ளியை விட்டு நின்ற ஒரு சிறுமியை மீண்டும் தேடிச் செல்லும் உழைப்பு. இந்தப் பின்னணியில் 2009இல் நாட்டில் இரு வேறு திட்டங்கள் தொடங்கின.

முதலாவது, பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் சேர்ந்து நடத்திய செயல்விளக்கத் திட்டம். ஆந்திரத்தில் கம்மம் மாவட்டத்தின் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில் 10 முதல் 14 வயது வரையிலான ஏறத்தாழ 14,000 சிறுமியருக்குக் கார்டசில் போடப்பட்டது. குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் செர்வாரிக்ஸ் பயன்படுத்தப்பட்டது. இரண்டாவது, லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் சோதனை. ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் செப்டம்பர் 2009இல் தொடங்கிய இது, 10 முதல் 18 வயது வரையிலான மணமாகாத பெண்களிடம் இரண்டு தவணை, மூன்று தவணைக்கு ஈடாகுமா என்று ஆராய்ந்தது. ஐதராபாத், மும்பை, பார்சி, அகமதாபாத், புணே போன்ற இடங்களோடு திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையும் அதன் களங்களுள் ஒன்று.

கம்மம் திட்டத்தில் தடுப்பூசி பெற்ற சிறுமியருள் சிலர் இறந்த செய்தி 2010இன் தொடக்கத்தில் வெளிவந்தது. ஆந்திரத்தில் ஐவர், குஜராத்தில் இருவர். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, மலேரியா, நச்சு உட்கொண்டதாகக் கருதப்பட்டது எனக் காரணங்கள் பதிவாயின. அவற்றைத் தடுப்பூசியுடன் இணைக்கும் சான்று எதுவும் விசாரணையில் கிடைக்கவில்லை. ஆனால் விசாரணை வேறொன்றை வெளிக்கொணர்ந்தது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களுள் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். அந்தச் சிறுமியருள் பலர் பழங்குடி மாணவர் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் தொலைவில் இருந்தனர். பாதகமான விளைவுகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும் போதுமானதாக இல்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த தன் 72ஆம் அறிக்கையில் பாத் நிறுவனத்தையும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தையும் கடுமையாகச் சாடியது.

அதற்கு முன்னரே, 2010 ஏப்ரலில், அரசு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகள் அனைத்தையும் நிறுத்தியிருந்தது. கம்மத்துடன் தொடர்பற்ற லியோன் முகமையின் சோதனையும் அவ்வாணைக்குள் அடங்கியது. 20,000 பேரை இலக்காகக் கொண்ட அதில் அதுவரை 17,729 பேர் ஊசி பெற்றிருந்தனர். அவர்களுள் 4,348 பேருக்கு மூன்று தவணையும் முடிந்திருந்தது. 4,979 பேர் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை பெற்றிருந்தனர். 3,452 பேருக்கு முதலிரு தவணைகள் இரண்டு மாத இடைவெளியில் கிடைத்து மூன்றாவது கிடைக்கவில்லை. 4,950 பேர் ஒரே தவணையோடு நின்றுபோயினர். இந்தக் கடைசிக் குழுவை எந்த ஆய்வாளரும் திட்டமிடவில்லை; ஓர் அரசாணை அதை உருவாக்கியது.

ஆய்வாளர்கள் அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தனர். சராசரியாக ஒன்பது ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகளைப் பார்த்த பாசுவும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்டனர். எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு மூன்று தவணையில் 93.3 விழுக்காடு, இரண்டு தவணையில் 93.1, ஒரு தவணையில் 95.4. இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதன்று. மூன்றும் ஒரே தரத்தவை. துகளின் மேற்பரப்பில் புரதம் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அமைந்திருப்பதால் முதல் ஊசியே நீண்டநாள் வாழும் எதிர்ப்பொருள் செல்களைத் தூண்டிவிடுகிறது என்பது உயிரியல் விளக்கம்.

இச்சான்றுக்கு எல்லைகளும் உண்டு. ஒற்றைத் தவணைக் குழு தற்செயல் ஒதுக்கீட்டால் அமைந்ததன்று. ஒப்பிட்ட தடுப்பூசி பெறாத பெண்கள் பின்னர்ச் சேர்க்கப்பட்டவர்கள். அளவிடப்பட்டது தொற்று, பல்லாண்டுகள் கழித்து வரும் புற்றுநோய் அன்று. கோஸ்டா ரிக்கா சோதனையில் தவணை தவறியவர்களிடம் கிடைத்த தரவுகளும், திட்டமிட்டே ஒரு தவணையைச் சோதித்த கென்ய ஆய்வும் அதே திசையைக் காட்டிய பின்னரே உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. 21 வயதைக் கடந்தோருக்கு இரண்டு தவணை, எச்.ஐ.வி. உள்ளிட்ட காரணங்களால் எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்குக் குறைந்தது இரண்டு, இயன்றால் மூன்று என்பவை அப்படியே நிற்கின்றன.

இவ்வரலாற்றை, தடை நன்மையாய் முடிந்தது என்று சுருக்குவது எளிது. அத்தடையின் மறுபக்கம் நீண்டது. 2018இல் சிக்கிம் மாநிலம் முழுவதும் தடுப்பூசி போட்டது. அதற்கு முன் பஞ்சாபின் சில மாவட்டங்கள் போட்டன. நாடு தழுவிய திட்டமோ ஒரு தலைமுறைச் சிறுமியரைக் கடந்து தள்ளிப்போனது. கம்மத்தில் பெற்றோரிடம் நேரில் சென்று விளக்கி ஒப்புதல் பெற ஆகியிருக்கக்கூடிய காலம் சில வாரங்கள். அதைச் சேமிக்க முயன்றதன் விலை பத்தாண்டுக்கு மேல். ஒற்றைத் தவணையில் நின்ற 4,950 பேருக்கும் வாக்களிக்கப்பட்டது இரண்டோ மூன்றோ தவணை. முடிவு வேறாக இருந்திருந்தால் இழப்பு அவர்களுடையதாகவே இருந்திருக்கும்.

இன்று கம்மம் தெலங்கானாவில் இருக்கிறது. திருப்பதி 2022 ஏப்ரல் முதல் சித்தூரிலிருந்து பிரிந்த தனி மாவட்டம். அங்கே மகளை அழைத்து வரும் தாய்க்கு ஒரு தவணை என்று சொல்லப்பட்டாலும் இரண்டு என்று சொல்லப்பட்டாலும், அந்த எண் ஏன் என்பதையும் சேர்த்துக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. படிவத்தில் கையெழுத்திட வேண்டியவரும் அவரே. விடுதிக் காப்பாளர் அல்லர்.