என்.எஃப்.எஸ்.: யூனிக்ஸ் கணினிகளிடையே கோப்புப் பகிர்வு

என்.எஃப்.எஸ். என்பது ஒரு கணினியின் வட்டிலுள்ள கோப்புறையை, வலையமைப்பிலுள்ள மற்றக் கணினிகள் தம் சொந்த வட்டில் இருப்பதுபோலவே கையாள உதவும் நெறிமுறை. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் இதை உருவாக்கத் தொடங்கியது. ரஸ்ஸல் சாண்ட்பெர்க் உள்ளிட்ட அதன் பொறியாளர்கள் 1985-ல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் இதன் வடிவமைப்பை விளக்கினர். நெறிமுறையைச் சன் தன்னோடு பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. ஹெச்பி, ஐபிஎம், சிலிக்கான் கிராஃபிக்ஸ் எனப் போட்டி நிறுவனங்களின் யூனிக்ஸ்களிலும் இது இடம்பெற்றதற்கு அந்தத் திறந்த மனமே முதற்காரணம்.

சன் நிறுவனத்தின் ஸ்பார்க் சில்லு ஓர் எண்ணின் பெரிய (உயர் இடமதிப்புள்ள) பைட்டை முதலில் வைக்கும். டெக் நிறுவனத்தின் டெக்ஸ்டேஷன் கணினியோ சிறிய பைட்டை முதலில் வைக்கும். இந்த முரண்பாட்டை எக்ஸ்.டி.ஆர். என்னும் பொது வடிவம் தீர்க்கிறது. அனுப்பும் கணினி எதுவானாலும், எண்கள் நான்கு பைட் அலகுகளில், பெரிய பைட் முன்னே வரும்படி செல்லும். ஆனால் கோப்பின் அளவு, தேதி, அனுமதி போன்ற விவரங்களுக்கு மட்டுமே இந்த மாற்றம் நடக்கும். கோப்பின் உள்ளடக்கம் இருந்தபடியே போய்ச் சேரும். ஸ்பார்க் கணினியில் ஒரு நிரல் பைனரியாக எழுதிய எண்களை டெக்ஸ்டேஷனில் அப்படியே படித்தால் தவறான எண்களே கிடைக்கும்.

முதல் பதிப்புகளில் யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார் என்பதைச் சர்வர் நினைவில் வைப்பதில்லை. எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட் என்பதை ஒவ்வொரு கோரிக்கையும் தானே சொல்லிவிடும். எனவே சர்வர் நின்றுபோனால் கிளையண்ட் கணினி அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பும். சர்வர் எழுந்ததும் வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். பகிர்ந்த கோப்புறையைக் கிளையண்டில் இணைப்பதே மவுண்ட். அதை 'ஹார்ட்' முறையில் செய்தால்தான் இந்தப் பயன் முழுமையாகக் கிடைக்கும். 'சாஃப்ட்' முறை சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுவிடும். எழுதப்படும் கோப்புகளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது தரவை இழக்கத் துணிவதாகும்.

அமைப்பது கடினமல்ல. சர்வரில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பைத் திறந்து, எந்தக் கோப்புறை, எந்தக் கணினிக்கு, படிக்க மட்டுமா எழுதவுமா என்று ஒரு வரி சேர்த்து, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை இயக்க வேண்டும். சன்னின் சோலாரிஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் இதே வேலையை டிஎஃப்எஸ்டேப் கோப்பும் ஷேர் கட்டளையும் செய்தன. கிளையண்டில் நிரந்தர மவுண்டுக்கான பட்டியல் லினக்ஸில் எஃப்எஸ்டேப், சோலாரிஸில் விஎஃப்எஸ்டேப், ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் ஃபைல்சிஸ்டம்ஸ்.

உண்மையான சிக்கல் பயனர் எண்ணில் இருக்கிறது. கோப்பு யாருடையது என்பதைப் பெயரால் அல்ல, எண்ணால்தான் சர்வர் அறிகிறது. சன் கணினியில் 501 என்ற எண் கொண்டவருக்கு ஹெச்பி கணினியில் 204 என்ற எண் இருந்தால், அவர் தம் கோப்பையே அங்கிருந்து திருத்த முடியாது. அங்கே 501 வேறொருவருக்கு உரியதானால், கோப்பு அவர் கைக்குப் போய்விடும். கோப்பு பகிரும் முன்பே எல்லாக் கணினிகளிலும் பயனர், குழு எண்களை ஒன்றாக்கிவிடுவதே சரியான வரிசை. அதற்காகவே என்.ஐ.எஸ். என்ற பொது அடைவுச் சேவையையும் சன் அளித்தது. முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கு மட்டும் தனி ஏற்பாடு: பிற கணினியிலிருந்து வரும் ரூட், வழக்கமாக 'நோபடி' என்ற அதிகாரமற்ற பயனராகவே நடத்தப்படுவார்.

கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். நிரல்களைத் தொகுக்க உதவும் 'மேக்' கருவி கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டே எதை மீண்டும் தொகுப்பது என்று முடிவுசெய்கிறது. சர்வர் சில நிமிடம் பின்தங்கினாலும் மாற்றிய கோப்பு தொகுக்கப்படாமல் விடுபடலாம்.

1995-ல் வெளியான மூன்றாம் பதிப்பு 2 ஜிபி என்ற கோப்பு அளவு வரம்பை நீக்கியது. 2000-ல் வந்த நான்காம் பதிப்பு பூட்டுதலை நெறிமுறைக்குள்ளேயே சேர்த்து, கோப்பு உரிமையாளரைப் பெயராலேயே குறிப்பிட்டது. ஆனால் கெர்பராஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இல்லாமல் பழைய அடையாள முறையிலேயே இயங்கினால், கோரிக்கை அனுப்புபவர் யார் என்பது அங்கும் எண்ணாகத்தான் செல்கிறது.