அடாப்டர் ரூட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

2000களின் முற்பகுதியில் வானேஜ் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க வீடுகளுக்கு இணையத் தொலைபேசியைக் கொண்டுவந்தபோது, முதலில் மோடம், அடுத்து சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர், அதன் பிறகே ரூட்டர் என்ற வரிசையில் பல வீடுகளில் வயர் இழுத்தார்கள். மோட்டோரோலா விடி1005 அடாப்டரில் அதற்கென்றே இரண்டு ஈதர்நெட் துளைகள் உண்டு. லிங்க்சிஸ் பிஏபி2-விலோ ஒரே துளை. அதை ரூட்டருக்குப் பின்னால்தான் செருக முடியும். இரண்டில் எது நல்லது என்பதைத் தீர்மானிப்பது வீட்டிலிருந்து வெளியே போகும் பாதையின் அகலம் என்பதே என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் குரல் வழக்கமாக நொடிக்கு 50 பாக்கெட்டுகளாகக் கிளம்புகிறது. குரல் மட்டும் 64 கிலோபிட். முகவரி விவரங்களும் சேர்ந்தால் ஈதர்நெட்டில் ஏறத்தாழ 87. அன்று பல வீடுகளின் பதிவேற்ற வேகமோ 128 கிலோபிட்தான். பக்கத்து அறையில் ஒருவர் மின்னஞ்சலில் புகைப்படம் அனுப்புகிறார் என்றால், அதன் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேறவே 94 மில்லிவிநாடி ஆகும். ஒற்றையடிப் பாதையில் லாரி புகுந்ததுபோல, அதன் பின்னால் நான்கைந்து குரல் பாக்கெட்டுகள் தேங்கிவிடும். பேச்சு இயல்பாக இருக்க, குரல் 150 மில்லிவிநாடிக்குள் மறுமுனையை அடைவது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதில் பெரும்பகுதி வாசலிலேயே கரைந்தால் என்ன மிஞ்சும்?

அடாப்டர் முன்னால் இருந்தால் வீட்டிலிருந்து போகும் அத்தனையும் அதன் கையைக் கடந்தாக வேண்டும். குரலை முதலில் விட்டு, மற்றதை அது நிறுத்திவைக்கும். ஆனால் பதிவேற்ற வேகத்தை உண்மையானதைவிடச் சற்றுக் குறைத்துக் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரிசை அடாப்டரில் சேராமல் மோடத்துக்குள் சேர்ந்துவிடும். மின்தடைக்கும் இந்த அமைப்பு வசதி. மோடமும் அடாப்டரும் மட்டும் யுபிஎஸ்ஸில் இருந்தால் போதும், போன் பேசலாம். பின்னால் வைத்தால் ரூட்டரையும் சேர்க்க வேண்டும். அவசரத்துக்கு 911 அழைக்க வீட்டில் அந்த ஒரு போன்தான் என்றால் இது சிறிய விஷயமல்ல.

இதற்கு விலையும் உண்டு. அடாப்டர் ஒரு முறை, ரூட்டர் ஒரு முறை என முகவரி இரண்டு தடவை மாற்றப்படுவதால், வெளியிலிருந்து வீட்டுக் கணினியை அடைய இரண்டு இடத்திலும் வழி திறந்துவிட வேண்டும். அந்தச் சின்னப் பெட்டி உறைந்து நின்றால் வீட்டின் இணையமே நின்றுபோகும்.

பின்னால் வைக்கும்போது சிக்கல் வேறு மாதிரி. அடாப்டர் தன் அழைப்புச் செய்தியில் 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரியை எழுதி அனுப்பினால், எதிர்முனை தன் குரலை அந்த முகவரிக்கே அனுப்பிவைக்கும். அது வந்து சேராது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. 2003இல் வரையறுக்கப்பட்ட ஸ்டன் முறை, வெளியுலகில் தன் முகவரி என்ன என்று அடாப்டரே கேட்டறிய வழிசெய்தது. இன்னொரு தொல்லை: நாம் அழைத்தால் போகும், நமக்கு வரும் அழைப்பு மட்டும் மணியடிக்காது. சிறிது நேரம் போக்குவரத்து இல்லையென்றால் ரூட்டர் அந்த வழியை மூடிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் அனுப்பும்படி அடாப்டரில் அமைத்தால் வழி திறந்தே இருக்கும். பல ரூட்டர்களில் உள்ள, அழைப்புச் செய்தியில் முகவரியைத் திருத்தும் ‘சிப் ஏஎல்ஜி’ வசதி உதவ வந்து முகவரிகளைக் குழப்புவதும் உண்டு. அதை அணைத்துவிடுவதே மேல்.

இவை அனைத்தும் ஒருமுறை சரிசெய்தால் தீர்கிறவை. குறுகிய பாதையின் நெரிசல் அப்படித் தீராது. அதனால்தான் அன்று அடாப்டரை முன்னால் வைத்தது சரியாக இருந்தது. 10 மெகாபிட் பதிவேற்றத்தில் அதே 1500 பைட் 1.2 மில்லிவிநாடியில் வெளியேறிவிடுகிறது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறையும் அதன் வழிவந்தவையும் வரிசை நீளாமல் காக்கும் வேலையை ரூட்டரிலேயே செய்கின்றன. ஆகவே இன்று நான் அடாப்டரைப் பின்னால்தான் வைக்கச் சொல்வேன்.

பதிவேற்றம் ஒரு மெகாபிட்டுக்கும் கீழே இருக்கிற, ரூட்டரில் முன்னுரிமை வசதியும் இல்லாத டிஎஸ்எல் வீடுகளுக்கு மட்டும் பழைய வரிசை இன்னும் பொருந்தும். அங்கே மூன்றையும் அணைத்துவிட்டு மோடத்தை முதலில் போடுங்கள். அதன் விளக்கு நிலையானதும் அடாப்டர், போனில் டயல் டோன் கேட்ட பிறகு ரூட்டர்.