பனிக்கட்டி தந்த அளவுகோல்

வீட்டுக்கு வளிச்சீராக்கி வாங்கச் செல்பவரிடம் சென்னைக் கடைக்காரர் "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்று கேட்பார். கொழும்பில் அதையே 12,000 பி.ரி.யூ., 18,000 பி.ரி.யூ. என்பார்கள். சுவரில் மாட்டும் அந்தக் கருவியின் எடை ஒரு தொன் அல்லவே. பின் எதன் எடை அது?

பனிக்கட்டியின் எடை. 19ஆம் நூற்றாண்டில் குளிர்ச்சி என்பது உறைந்த ஏரிகளில் வெட்டியெடுத்து விற்கப்பட்ட பண்டம். பொஸ்டன் வணிகர் பிரெடெரிக் டியூடர் 1833 மே மாதத்தில் 'டஸ்கனி' என்னும் கப்பலில் 180 தொன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதங்களின் பின்னர் அது கரைசேர்ந்தபோது சுமார் 100 தொன் எஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், இவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் எழுப்பப்பட்டதே.

பின்னர் இயந்திரங்கள் குளிரை உண்டாக்கத் தொடங்கின. அவற்றின் வலுவை மக்கள் அறிந்திருந்த பண்டத்தைக் கொண்டே அளந்தார்கள். 2,000 இறாத்தல் கொண்ட ஓர் அமெரிக்கத் தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது, மணிக்கு 12,000 பி.ரி.யூ. வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதுவே இன்றைய 'ஒரு தொன்'. ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாற்று.

நவீன வளிச்சீராக்கி பிறந்தது ஓர் அச்சகத்திற்காக என்பது பத்திரிகைத் தொழிலில் உள்ளோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நியூயோர்க்கின் புரூக்ளினில் இயங்கிய சக்கெற்-வில்ஹெம்ஸ் அச்சகத்தில், ஈரப்பதத்தால் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமற்போயின. 1902இல் வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் அதற்குத் தீர்வு வகுத்தார். ஆக, அவர் முதலில் எதிர்கொண்ட பகை வெப்பமன்று, ஈரமே.

இன்று வீட்டுக்கு அளவு தெரிவு செய்வோர் மறந்துவிடுவதும் இதனைத்தான். 'பெரிதாக வாங்கினால் நல்லது' என்று எண்ணுகிறோம். தேவைக்கு மிஞ்சிய கருவி அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுருளில் படிந்து வடிவதற்கு அவகாசம் இராது. அறை குளிரும், ஆனால் பிசுபிசுப்புப் போகாது. கொழும்பு, சென்னை போன்ற கடலோர நகரங்களில் இக்குறை இரட்டிப்பாகும். சிறிதாக வாங்கினாலோ கருவி ஓயாது ஓடும், மின்கட்டணமும் ஏறும்.

1981இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் வீட்டு வளிச்சீராக்கிகளில் புகுத்திய 'இன்வேட்டர்' முறை, தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்து இச்சிக்கலைத் தணித்தது. ஆயினும் அந்த வேகத்துக்கும் ஒரு கீழெல்லை உண்டு.

ஆகவே தரையின் சதுர அடியை மட்டும் சொல்லி வாங்குதல் போதாது. மேலே வெயில் காயும் கொங்கிறீற்றுத் தட்டா, இன்னொரு மாடியா? சன்னல் மேற்குப் பார்த்ததா? கூரையின் உயரம் என்ன? எத்தனை பேர் உறங்குவர்? சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரே சுமார் 100 வாற்று வெப்பத்தை வெளியிடுகிறார். நிழலான 120 சதுர அடிப் படுக்கையறைக்கு 9,000 பி.ரி.யூ. பெரும்பாலும் போதும். அதே அறை மொட்டைத்தட்டின் கீழ், மேற்கு வெயிலில் இருந்தால் 12,000 தேவைப்படலாம். சன்னலுக்குத் திரையும் தட்டுக்கு நிழலும் கொடுத்தபின் கணக்கிட்டால், அந்த மேலதிகச் செலவும் மிச்சமாகக்கூடும்.