சேற்றில் நின்ற ஜீப்

ஐம்பது வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், ஜவ்வாது மலையில் ஓர் ஓடையின் நடுவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கதைக்கு விஷயம் தேடிப் போன இடத்தில் அது நேர்ந்தது. சர்க்கார் சிநேகிதர் ஒருவர் தம் ஜீப்பில் இடம் கொடுத்திருந்தார். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டி சார். எந்த மலையானாலும் ஏறிடும்" என்று டிரைவர் அடிவாரத்திலேயே அபயம் அளித்திருந்தார்.

ஏறவும் ஏறியது. பாறையிலும் சரளையிலும் ஆட்டுக்குட்டி மாதிரி தாவி வந்தது. ஓடையில் இறங்கியபோதுதான் விபரீதம். முன்பக்கத்து இடது சக்கரம் ஒரு குழியின் மேல் அந்தரத்தில் தொங்கியது. பின்பக்கத்து வலது சக்கரம் சேற்றை வாரி என் வேஷ்டியில் இறைத்துக்கொண்டு சும்மா சுழன்றது. மற்ற இரண்டு சக்கரங்களும் நல்ல கெட்டித் தரையில்தான் இருந்தன. அவை அசையவே இல்லை.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏன் நின்றது என்ற கேள்வி அன்று மனத்தில் தைத்தது. பிறகு விவரம் தெரிந்துகொண்டேன். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்பக்கத்துச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக ஒவ்வோர் அச்சின் நடுவிலும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர ஏற்பாடு இருக்கிறது. அது பரம சாது. எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்ற விட்டுவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், தரையில் இருக்கும் ஜோடிச் சக்கரத்துக்குப் பலம் போய்ச் சேராது. இப்படி முன்னால் ஒன்றும் பின்னால் எதிர்மூலையில் ஒன்றும் பிடி விட்டுப்போனால் கதை முடிந்தது. இதைப் பூட்டி நிறுத்தும் சாதனம் அந்த நாளில் தொழிற்சாலையிலிருந்து வந்த ஜீப்பில் இருக்கவில்லை.

அப்படியானால் ஒரு திருகுகூட மாற்றாத அந்த வண்டி, உலக யுத்தத்தில் காடும் மலையும் எப்படித் தாண்டியது? இதற்குப் பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1940-ஆம் வருஷம் கோடையில் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று வேண்டுமென்று 135 கம்பெனிகளுக்கு எழுதிற்று. எடை 1,300 ராத்தலுக்கு மேல் போகக் கூடாது. முதல் வண்டி 49 நாளில் வர வேண்டும். இரண்டு கம்பெனிகள்தாம் பதில் எழுதின. ஒன்று வில்லிஸ். மற்றொன்று பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், ஏறக்குறையத் திவாலாகிக் கிடந்த பாண்டம். 49 நாளில் தருவதாக ஒப்புக்கொண்டது பாண்டம்தான். சாகப் போகிறவனுக்குத் துணிச்சல் அதிகம். டெட்ராய்ட்டிலிருந்து கார்ல் புரோப்ஸ்ட் என்ற இஞ்சினீர் வந்து, இரண்டே நாளில் வண்டியின் அமைப்பை வரைந்து கொடுத்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி இருக்கையில், வண்டி மேரிலாந்தில் ஹோலபேர்ட் முகாமுக்குள் நுழைந்தது.

எடையோ 1,800 ராத்தலுக்கு மேல்! சொன்ன கணக்கில் எவனாலும் செய்திருக்க முடியாது. கூடியிருந்த அதிகாரிகள் யோசித்தார்கள். குதிரைப்படையைச் சேர்ந்த ஆஜானுபாகுவான அதிகாரி ஒருவர், இரண்டு ஆள் சேர்ந்து பள்ளத்திலிருந்து தூக்க முடிந்தால் இந்த வண்டி நமக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தாமே பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாராம். தூக்கிவிட்டார். குதிரையோடு பழகியவருக்கு அல்லவா தெரியும், வாகனம் ஒருநாள் விழத்தான் விழும் என்று!

பிறகு 3,400 மைல் ஓட்டிச் சோதித்தார்கள். பெரும்பாலும் சாலையே இல்லாத இடத்தில்தான். குறைகளைக் குறித்துக்கொண்டு, சேவைக்கு ஏற்ற வண்டி என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அடுத்து நடந்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பாண்டத்தின் வண்டியை வில்லிஸ், போர்டு ஆட்கள் பார்த்து அளந்துகொள்ள ராணுவமே இடம் கொடுத்தது, வரைபடங்களையும் கொடுத்தது. சின்னத் தொழிற்சாலையை நம்பி யுத்தம் நடத்த முடியாது என்பது ராணுவத்தின் நியாயம். எடை வரம்பு 2,160 ராத்தலாக உயர்ந்தது. வில்லிஸின் வண்டி அதையும் மீறியது. ஆனால் அதன் 60 குதிரைச் சக்தி இஞ்சினை விட்டுவிட அவர்களுடைய தலைமை இஞ்சினீர் டெல்மார் ரூஸுக்கு மனம் வரவில்லை. வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு, போல்ட்டின் நீளத்தைக் குறைத்து, பெயிண்டைக்கூட ஒரே பூச்சோடு நிறுத்தி, வரம்புக்குள் கொண்டுவந்தார். 1941-இல் பெரிய ஆர்டர் வில்லிஸுக்குப் போயிற்று. பின்னர் போர்டும் அதே அமைப்பில் செய்தது. இரண்டும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்தன. பாண்டம் மொத்தம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு.

அந்த ஆறு லட்சத்திலும் டிஃபரென்ஷியல் அதே சாதுதான். வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டும் தாழ்ந்த கியர் ஒன்றும், இடுக்கில் நுழையும் குறுகிய உடம்பும் அதற்குத் துணை. இவை கைவிட்ட இடத்தில் சிப்பாய்கள் இறங்கித் தூக்கினார்கள்.

யுத்தத்துக்குப் பிறகு, 1940-களின் கடைசியில், பம்பாயில் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. என்னை ஓடையில் உட்கார வைத்தது அந்த வம்சத்து வாரிசு. கடைசியில் மேலிருந்து விறகுச் சுமையோடு ஐந்து பேர் இறங்கி வந்தார்கள். பெரியவர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாரும் இறங்கிடுங்க சாமி. இது என்ன, எருமையைவிடக் கனமா?" என்றார்.

குழியில் இருந்த மூலையை ஐந்து பேரும் ஒரே மூச்சில் தூக்க, நான் ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்தடியில் கொடுத்தேன். வண்டி உறுமிக்கொண்டு கரையேறியது. டிரைவர் ஊர் போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை.

ஜீப்பைத் தானே படைத்ததாக வில்லிஸ் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று 1948-இல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன் உத்தரவிட்டது. அதற்குள் பாண்டம் கார் செய்வதை எப்போதோ விட்டிருந்தது. யுத்த காலத்தில் அந்தத் தொழிற்சாலைக்கு ராணுவம் வேறு வேலை கொடுத்திருந்தது: ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லர்கள்.